திருடி என்று எழுதச் சொன்னார்கள்

போன மாதம் எங்கள் பழைய ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள். நல்ல பெண்தான். "அக்கா, இப்ப எல்லா சாஃப்ட்வேருக்கும் மாச வாடகையாம். கட்டலேன்னா நம்ம போட்ட பில்லையே நம்மளால தொறக்க முடியாதாம். அந்தக் காலத்துல நீங்கள்லாம் ஆடிட்டுக்குப் பயந்துக்கிட்டு லினக்ஸுக்கு மாறினீங்களாமே, எப்படிக்கா மாறினீங்க?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. எப்படி மாறினோம் என்பதை அப்புறம் சொல்கிறேன், பயந்துக்கிட்டு மாறினோம் என்று உனக்கு யார் சொன்னது, முதலில் அதைச் சொல் என்றேன். ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதே மாதிரி என் வாயை மூடவும் இன்னும் யாரும் மூடி செய்யவில்லை. ஆடிட் வந்ததால் மாறினோம் என்பது உண்மை. பயந்து மாறினோம் என்பது சுத்தப் பொய். என்ன நடந்தது என்பதை எழுதியே வைத்துவிடுகிறேன்.

பெரம்பலூர் தனி மாவட்டமான வருஷம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குத் திருமழபாடிப் பக்கம் ஒரு சின்ன ஊர். டைப்ரைட்டிங் ஹையர், அதற்கு மேல் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ், இவ்வளவுதான் என் படிப்பு. சிமெண்ட் ஏஜென்சியும் லாரி சர்வீஸும் சேர்ந்த கம்பெனி அது. ஆபீஸ் பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம். குடோன் அரியலூரில், சிமெண்ட் ஃபேக்டரிக்குப் போகிற ரோட்டில். பில் எழுதும் கிளார்க்காக உள்ளே போனேன். கம்ப்யூட்டர்கள் வந்ததும் அவை என் தலையில் விழுந்தன. சில வருஷங்களில் 'கம்ப்யூட்டர் செக்ஷன் பொறுப்பாளர்' என்று எனக்கு ஒரு பெயரும் வந்துவிட்டது. செக்ஷனில் என்னையும் சேர்த்து மூன்று பெண்கள், அவ்வளவுதான் படை.

முதலாளி லெப்பைக்குடிகாட்டுக்காரர். குவைத்தில் பல வருஷம் சம்பாதித்து வந்து லாரி வாங்கியவர். ஹஜ்ஜுக்குப் போய் வந்ததால் ஊருக்கு அவர் ஹாஜியார். எங்களுக்கு பாய். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏம்மா, ஒரு சொம்பு தண்ணி" என்பார். அந்தத் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் பேசுவார். எதிரில் இருப்பவருக்கு அதற்குள் பாதி உயிர் போய்விடும். இன்னொரு வழக்கமும் உண்டு. எந்தக் காகிதம் வந்தாலும் வந்த அன்றைக்குக் கையெழுத்துப் போட மாட்டார். "காகிதம் ஒரு ராத்திரி தூங்கட்டும், நாமளும் தூங்குவோம், காலைல ரெண்டு பேரும் தெளிவா இருப்போம்" என்று மேஜை டிராயருக்குள் போட்டுவிடுவார். பேங்க் மேனேஜரே வந்து நின்றாலும் இதுதான்.

கம்ப்யூட்டர் வாங்கும்போதும் அவர் தனி ரகம். அப்போதெல்லாம் ஊரே காப்பி போட்ட சாஃப்ட்வேரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரரே சிரித்துக்கொண்டு, "லைசென்ஸ் எதுக்குங்க பாய், தண்டச் செலவு, நானே போட்டுத் தரேன்" என்றார். பாய் ஒப்புக்கொள்ளவில்லை. "காசு குடுக்காத பொருள் எனக்கு ஹராம். என் கடைக்குள்ள அது வரக் கூடாது" என்று சொல்லி, ஒவ்வொரு கம்ப்யூட்டர் பெட்டிக்கும் லைசென்ஸுக்குத் தனியாகப் பணம் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். அரியலூர் குடோனுக்கு மட்டும் அப்புறம் இரண்டு பெட்டிகள் செகண்ட் ஹாண்டில் வந்தன. அவற்றைப் பற்றி நான் சத்தியம் செய்ய மாட்டேன். மற்றது எல்லாம் காசு கொடுத்து வாங்கியது.

லைசென்ஸ் வாங்கியதற்கு அடையாளமாகப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி வரும். அதில் கம்பெனி பெயரும் ஒரு நீள எண்ணும் இருக்கும். அந்த ஸ்டிக்கர்தான் அத்தாட்சி, அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. ஃபிரிஜ், மிக்சி வாங்கினால் பளபளவென்று ஒரு தாள் ஒட்டி வருமே, அதில் ஒன்று என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

இங்கேதான் ஆயுத பூஜை வருகிறது. பூஜை எங்களுடையது என்றாலும் பாய் அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பனியனோடு வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்பார். "பூஜை உங்களுது. சுத்தம் எல்லாருக்கும் பொது. சுத்தம் ஈமான்ல பாதி, நம்பிக்கைல பாதி" என்பார். லாரிகளை டிரைவர்கள் கழுவுவார்கள். கம்ப்யூட்டரை மட்டும் யாரையும் தொட விடமாட்டார். விலை உயர்ந்த சாமான் இல்லையா, தானே துடைப்பார். அந்த ஸ்டிக்கர் அவர் கண்ணை உறுத்தும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஊறவைத்து, கட்டைவிரல் நகத்தால் சுரண்டி, பிசின் தடம்கூட இல்லாமல் எடுத்துவிடுவார். "இப்பப் பாரு, பளிச்சுனு இருக்கு" என்று பெருமையாகத் தள்ளி நின்று பார்ப்பார். அந்தச் சுத்தமான இடத்தில் நாங்கள் சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவோம். இரண்டு மூன்று ஆயுத பூஜைகளில் எங்கள் ஆபீசில் ஒரு பெட்டியிலும் ஸ்டிக்கர் இல்லை.

அரியலூர் தனி மாவட்டமாகிப் பிறகு மறுபடியும் பெரம்பலூரோடு சேர்ந்திருந்த காலத்தில் அந்தக் கடிதம் வந்தது. சாஃப்ட்வேர் கம்பெனியின் சார்பில் சென்னையில் இருக்கும் ஏதோ ஒரு ஆடிட் நிறுவனம் அனுப்பியது. உங்களிடம் எத்தனை கம்ப்யூட்டர், எதில் என்ன சாஃப்ட்வேர், எங்கே வாங்கினீர்கள், நிரப்பி அனுப்பவும் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். மடியில் கனமில்லை, வழியில் என்ன பயம்? உள்ளதை உள்ளபடி நிரப்பினேன். அரியலூர் இரண்டு பெட்டிகளும் செகண்ட் ஹாண்ட் என்பதையும் மறைக்காமல் எழுதினேன். மற்ற கம்பெனிக்காரர்கள் எல்லாம் அந்தக் கடிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. பதில் போட்ட எங்களைத் தேடித்தான் ஆள் வந்தது.

வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். கழுத்தில் டை கட்டிய ஒருவர், கூட ஒரு வக்கீல். டை கட்டியவர் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம், "மேடம், லைசென்ஸ் ஸ்டிக்கர்லாம் எங்க?" என்று கேட்டார்.

"ஆயுத பூஜைக்குத் தொடச்சோம் சார். போயிடுச்சு."

"எல்லாமேவா?"

"எல்லாத்தையும்தானே தொடைப்போம்? பாதியைத் தொடச்சிட்டுப் பாதியை அழுக்காவா விடுவாங்க?"

அவர் வக்கீலைப் பார்த்துச் சிரித்தார். "பூஜை போட்டு லைசென்ஸை அழிச்சிருக்காங்க சார். புதுசா இருக்கு" என்றார். பிறகு, "திருட்டுக் காப்பின்னு சொல்றதுக்கு எத்தனை சுத்து வழி" என்று சொல்லிக்கொண்டே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு கீ போர்டில் கை வைக்கப் போனார்.

நான் நடுவில் போய் நின்றேன். "மொதலாளி ஜும்மாவுக்குப் போயிருக்கார். அவர் வர்ற வரைக்கும் பொட்டியில கை வெக்காதீங்க. கோர்ட் ஆர்டர் இருந்தா காட்டுங்க, இல்லாட்டி அங்க பெஞ்சுல உக்காருங்க, டீ வரும்" என்றேன். லாரி கேஸ்களுக்காக அலைந்து அலைந்து கோர்ட் ஆர்டர் என்ற வார்த்தை எனக்கு உப்பு புளி மாதிரிப் பழக்கம். அவர்களிடம் ஆர்டர் இல்லை. டீயும் குடிக்கவில்லை.

பாய் வந்ததும் பழைய பில்களைத் தேடி எடுத்தோம். அதிலும் மண். 'கம்ப்யூட்டர் செட் ஒன்று' என்று மொத்தமாக எழுதியிருந்தார் கடைக்காரர். லைசென்ஸ் என்று தனியாக ஒரு எழுத்து இல்லை. கேட்கலாம் என்றால், அவர் கடையை மூடிவிட்டு மஸ்கட்டுக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. டை கட்டியவர் பில்களை விரல் நுனியால் தள்ளிவிட்டு, "லெட்டர் அனுப்பறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் கூரியரில் ஒரு காகிதம் வந்தது. பாய் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் மகன் ரியாஸும் உட்கார்ந்திருந்தார். சென்னையில் படித்துவிட்டு அப்போதுதான் வியாபாரத்தைக் கவனிக்க வந்திருந்தார். "கலை, நீயே சத்தமாப் படிம்மா. இது உன்னைப் பத்துனது" என்று பாய் காகிதத்தை நீட்டினார்.

படித்தேன். எல்லாப் பெட்டிகளுக்கும் புதிதாக லைசென்ஸ் வாங்க வேண்டும், அதோடு அபராதமும் கட்ட வேண்டும். ஒரு லாரியை விற்றால்தான் ஆகும். அது போகட்டும். அதற்குக் கீழே இருந்ததை இரண்டு தடவை படித்தேன். மேற்படி மென்பொருட்கள் அனைத்தும் நிர்வாகத்துக்குத் தெரியாமல், கணினிப் பிரிவுப் பொறுப்பாளரால் திருட்டுத்தனமாக நிறுவப்பட்டவை என்று நிர்வாகம் ஒப்புக்கொள்கிறது என்று இருந்தது. என் பெயர், இனிஷியல், கணவர் பெயர் எல்லாம் டைப் அடித்திருந்தார்கள். முதலாளி கையெழுத்துப் போட்டால் போதும், கம்பெனி மேல் கேஸ் கிடையாது.

"அக்கா, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் ரியாஸ். "இது சும்மா ஃபார்மாலிட்டி. உங்க மேல யாரும் கேஸ் போடப் போறதில்ல. அவங்க ஃபைலை மூட ஒரு பேர் வேணும், அவ்ளோதான்."

"சும்மா ஒரு பேர் வேணும்னா உங்க பேரைப் போடுங்க தம்பி" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. நான் கவலைப்படவில்லை. என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். டிக்கெட்டுக்கும் பையில் இருக்கும் காசுக்கும் ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் செக்கிங்கில் என்ன எழுதுவார்கள், அந்த எழுத்து ஒரு ஆளை எத்தனை வருஷம் விடாமல் துரத்தும் என்று எங்கள் வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். திருட்டு என்கிற வார்த்தை ஒரு தடவை காகிதத்தில் ஏறினால் அப்புறம் இறங்காது. நாளைக்கு இன்னொரு கம்பெனியில் வேலை கேட்டுப் போனால் என்ன சொல்வேன்? என் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் என்ன சொல்வேன்? செய்யாத குற்றத்துக்கு என் பெயரா? பாய் அங்கேயே அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கிழிக்கவில்லை. மடித்து டிராயருக்குள் வைத்தார். "கொஞ்சம் தூங்கட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, இவனுங்க சாமான் இல்லாம நம்ம லாரி ஓடுமா?" என்று கேட்டார்.

"லாரி டீசல்ல ஓடுது பாய். பில்லு எதுல ஓடணும்கிறதை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

இப்படித்தான் ஜோசப்பை வரவழைத்தேன். ஜோசப் ஏலாக்குறிச்சிக்காரர். பெரம்பலூரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் லேபில் வேலை. எங்கள் கம்ப்யூட்டர்களுக்கு நோய் வந்தால் அவர்தான் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சி.டி.யை எடுத்துக்கொண்டு வந்தார். பழைய சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு இதை வைத்தே பெட்டியை ஓட்டலாம், யார் வேண்டுமானாலும் போடலாம், எத்தனை பெட்டியில் வேண்டுமானாலும் போடலாம், காப்பி எடுத்து அடுத்தவனுக்கும் கொடுக்கலாம் என்றார். பாய் நம்பவில்லை.

"எழுதுனவங்களுக்குத் தெரியுமா, இப்படிக் காப்பி எடுக்கறது?"

"தெரியுங்க பாய். எடுத்துக்கங்கன்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க."

"மனசு ஒப்பித்தான் குடுக்குறாங்களா?"

"ஒப்பித்தாங்க."

"அப்ப ஹலால். போடு" என்றார்.

பெரம்பலூர் ஆபீசில் அவ்வளவு சிரமம் இல்லை. சிரமம் இல்லை என்றால், புலம்பல் இல்லை என்று அர்த்தமில்லை. ஸ்டார்ட் பட்டன் எங்கக்கா, சீட்டாட்டம் எங்கக்கா, தமிழ்ல அடிச்சா கட்டங் கட்டமாத் தெரியுதுக்கா என்று என் செக்ஷன் பெண்கள் இருவரும் பிடுங்கி எடுத்தார்கள். தமிழ் எழுத்துக்கு ஜோசப் எங்கிருந்தோ ஒரு ஃபாண்ட் பிடித்துக் கொண்டுவந்தார். சீட்டாட்டம் புதியதிலும் இருந்தது, வாய் மூடிக்கொண்டார்கள். எங்கள் பில் போடும் புரோகிராம் மட்டும் வேறு. திருச்சியில் ஒருவர் எங்களுக்கென்றே எழுதிக் கொடுத்த, கறுப்புத் திரையில் ஓடும் பழைய காலத்து டாஸ் புரோகிராம் அது. டாஸ் புரோகிராமை லினக்ஸுக்குள்ளேயே ஓட்ட ஒரு வழி இருந்தது. பெரம்பலூரில் ஓட்டிப் பார்த்தோம், ஓடியது. அந்தத் தைரியத்தில் அரியலூர் குடோனுக்குப் போனோம். ஆழம் அங்கேதான் இருந்தது.

குடோனில்தான் லாரி பில் அச்சாகும். பில் கையில் இல்லாமல் லாரி செக்போஸ்ட்டைத் தாண்ட முடியாது. கார்பன் வைத்த நீளத் தாள், கட்டங்கள் முன்பே அச்சடித்திருக்கும். வண்டி எண், மூட்டை எண்ணிக்கை, தொகை எல்லாம் அந்தந்தக் கட்டத்தில் போய் விழ வேண்டும். பாய் சிக்கனக்காரர் ஆகையால், எங்கள் பில் மற்றவர்கள் பில்லில் பாதி உயரம். லினக்ஸுக்கு அது தெரியாது. முழுத்தாள் என்று நினைத்துக்கொண்டு அது பாட்டுக்குத் தள்ளியது. முதல் பில் அழகாக வந்தது. அடுத்தது ஒரு வரி கீழே இறங்கியது. நான் கவனிக்கவில்லை. டிரைவர் ராஜேந்திரன் கவனித்துவிட்டான்.

ராஜேந்திரன் ரஞ்சன்குடிக்காரன். எங்கள் டிரைவர்களிலேயே வாய் நீளம். பில்லைக் கையில் ஆட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தான். "ஏக்கா, மூட்டை எத்தனைன்னு போடுற எடத்துல என் வண்டி நம்பரு விழுந்திருக்கு. நாலாயிரத்துச் சொச்சம் மூட்டை. செக்போஸ்ட்ல கேட்டா என்னன்னு சொல்ல? பாதியை மடியில வெச்சிருக்கேன்னு சொல்லவா?"

பின்னால் வரிசையில் நின்ற டிரைவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. வாசல் வரைக்கும் லோடு ஏற்றிய லாரிகள் நின்றன. ஜோசப் காலேஜில் இருந்தார். போனில் அவர் சொல்லச் சொல்ல ஒரு பெண் கீ போர்டில் அடித்தாள். இன்னொரு பக்கம் நான் பழைய கை பில் புத்தகத்தைத் தேடி எடுத்து, சீல் அடித்து, எழுதி எழுதிக் கொடுத்து லாரிகளை அனுப்பினேன். அந்த நேரம் பார்த்து ரியாஸ் வந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"போதும்க்கா. வியாபாரம் நின்னுடும் போலிருக்கு. பழையதையே திரும்பப் போட்டுடுங்க."

"பழையதைப் போட்டா அந்தக் காகிதத்துல என் பேரையும் போடணும். நான் போட மாட்டேன். நீங்க ஒரு ஓரமா நில்லுங்க தம்பி, லாரிக்கு வழி வேணும்" என்றேன். முதலாளி மகனிடம் பேசுகிற பேச்சா அது? இல்லைதான். அன்றைக்கு நான் அப்படித்தான் இருந்தேன்.

மதியத்துக்கு மேல் ஜோசப்பே பஸ் பிடித்து வந்துவிட்டார். தாளின் உயரத்தை நீ கணக்குப் பார்க்காதே, எழுத்தை மட்டும் அப்படியே பிரிண்டருக்கு அனுப்பு என்று லினக்ஸுக்குச் சொல்லிக் கொடுத்தார். வரியை எண்ணுகிற வேலை பழையபடி பில் புரோகிராமுக்கே வந்தது. ஒரு பில், இன்னொரு பில், இன்னொன்று. எல்லாம் கட்டத்துக்குள் விழுந்தன. ராஜேந்திரன் எட்டிப் பார்த்து, "இப்ப எரநூறு மூட்டைதான்க்கா, நிம்மதி" என்றான். நான் அப்போதுதான் மதியச் சோற்றைப் பிரித்தேன்.

இப்படி எல்லாப் பெட்டியும் மாறியாயிற்று. பாயிடம் போய் நின்றேன். "முடிஞ்சிடுச்சு பாய். அந்தக் காகிதம் இன்னும் தூங்குதா?" என்று கேட்டேன். "தூங்குது" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருஷம் உழைத்த எனக்கு இதுதான் மரியாதையா என்று வீட்டில் போய்ப் பொருமினேன். வேலையை விட்டுவிடு என்றார் வீட்டுக்காரர். விட்டுவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், மாட்டேன் என்றேன்.

அவர்கள் மறுபடி வந்தபோது நேராக அரியலூர் குடோனுக்கு வந்தார்கள். செகண்ட் ஹாண்ட் பெட்டிகள் அங்கேதானே இருக்கின்றன என்று கணக்குப் போட்டிருப்பார்கள். புதிய முறை பழகும் வரை நானும் செக்ஷன் பெண்களும் அங்கேதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். அதே டை, அதே வக்கீல். காரைக் குடோனுக்குள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்கள். தகவல் தெரிந்து பாயும் ரியாஸும் பெரம்பலூரிலிருந்து வந்து சேர்ந்தார்கள். "பாக்கட்டும்மா, எல்லாத்தையும் தொறந்து காட்டு" என்றார் பாய்.

காட்டினேன். ஒவ்வொரு பெட்டியாக. திரையில் லினக்ஸின் பென்குவின் படம் வந்தது. டை கட்டியவர் அடித்துப் பார்த்தார், நோண்டிப் பார்த்தார். அவர் தேடிய சாமான் எதிலும் இல்லை. "இது போன மாசம் மாத்தினதுதானே?" என்றார்.

"ஆமா. மாத்துனா குத்தமா?"

"அதுக்கு முன்னாடி எங்க சாஃப்ட்வேர் இருந்துச்சில்ல?"

"இருந்துச்சு. ஆபீஸ்ல இருந்தது காசு குடுத்து வாங்கினது. வேணாம்னு எடுத்துட்டோம். நான் காசு குடுத்து வாங்கின கட்டிலை வாசல்ல தூக்கிப் போட்டா கடைக்காரன் வந்து கேப்பானா? வாங்கலைன்னு சொல்றது நீங்க. நீங்கதான் காட்டணும்."

வக்கீல் தொண்டையைச் செருமினார். டை கட்டியவருக்கு ஏறிவிட்டது. வக்கீலிடம் சொல்வது போல, ஊருக்கே கேட்கும்படி, "எல்லாத்தையும் அழிச்சிட்டு நியாயம் வேற பேசுறா, திருடி" என்றார்.

பில் ஜன்னலுக்கு வெளியே நின்ற டிரைவர்கள் அத்தனை பேருக்கும் அது கேட்டது. லோடுமேன்கள் மூட்டையை இறக்காமல் அப்படியே நின்றார்கள். வாயில் வார்த்தை வரவில்லை. எனக்கே வரவில்லை!

பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு சொம்பு தண்ணி" என்றார். யாரோ கொண்டுவந்தார்கள். முழுக்கக் குடித்தார். பிறகு கைப்பையைத் திறந்து, டிராயரில் தூங்கிய அந்தக் காகிதத்தை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவையும் எடுத்தார். முடிந்தது, போடப் போகிறார் என்று நினைத்தேன்.

"இதுல ஒரு தப்பு இருக்குங்க சார்" என்றார் பாய். "ஸ்டிக்கரை எடுத்தது இந்தம்மா இல்ல. நான். மண்ணெண்ணெய் போட்டு என் நகத்தால சொரண்டுனேன். காசு குடுத்து வாங்கினதும் நான். அதனால பேரு எழுதணும்னா என் பேரை எழுதி இன்னொரு காகிதம் கொண்டாங்க, பேனா இந்தா இருக்கு, இங்கயே கையெழுத்துப் போடறேன். கோர்ட்டுக்குக் கூப்புட்டாலும் வரேன். என் ஆபீஸ்ல வேலை பாக்குற பொம்பளையைக் காட்டிக் குடுத்துட்டு நான் வியாபாரம் பண்ண வேண்டியதில்ல."

"அத்தா" என்றார் ரியாஸ். பாய் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் டை கட்டியவர் கையில் வைத்தார். வக்கீல் அவர் காதில் ஏதோ சொன்னார். இருவரும் பையை எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார்கள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே கோபமும் வந்தது. "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல பாய்? இத்தனை நாள் என்னைத் துடிக்க விட்டீங்களே" என்றேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நீ இவ்வளவு வெரசா மாத்தியிருப்பியாம்மா?" என்றார், சிரிக்காமல். அந்த ஒன்றுக்காக இன்று வரைக்கும் அவரை நான் மன்னிக்கவில்லை. அவரிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

கார் கிளம்பி வாசல் வரை போய் நின்றுவிட்டது. கேட்டின் குறுக்கே ராஜேந்திரனின் லாரி நின்றது. அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். கார்க்காரர் ஹாரன் அடித்தார். அவன் அசையவில்லை. நான் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டை கட்டியவர் இறங்கி வந்தார். "வண்டியை எடுப்பா."

"எடுக்கறேங்க. உள்ள அக்காவை ஒரு வார்த்தை சொன்னீங்க, எங்க எல்லார் காதுலயும் விழுந்துச்சு. அதை எடுத்துட்டீங்கன்னா நானும் வண்டியை எடுத்துடறேன்."

அவர் சுற்றிலும் பார்த்தார். டிரைவர்கள் நின்றார்கள், லோடுமேன்கள் நின்றார்கள். என் பக்கம் பாதி திரும்பி, "ஓகே, சாரி மேடம்" என்றார்.

"அது என்னங்க சாரி, மேடம்னு? தமிழ்ல திட்டினீங்க. தமிழ்லயே சொல்லுங்க" என்றான் ராஜேந்திரன்.

"இந்தம்மா திருடல. போதுமா?"

"எந்தம்மாங்க? உள்ள மூணு பொம்பளைங்க வேலை பாக்குறாங்க. பேரைச் சொல்லுங்க."

டை கட்டியவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். என் பெயர் அவருக்குத் தெரியவில்லை. கண்டக்டர் மனைவி, ஒரு பெண்ணைப் பெற்றவள், பத்து வருஷமாக அந்த ஆபீசில் உழைத்தவள், அவளைத் திருடி என்று எழுதி வாங்கத் சென்னையிலிருந்து இரண்டு தடவை வந்த மனிதருக்கு அவள் பெயர் ஞாபகமில்லை. பையைத் திறந்தார். மடித்து வைத்த அந்தக் காகிதத்தை எடுத்துப் பிரித்தார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அத்தனை பேர் முன்னிலையிலும், என் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடினார்.

"கலைச்செல்வி" என்று படித்தார். "கலைச்செல்வி அம்மா திருடல."

ராஜேந்திரன் பீடியை வெளியே எறிந்துவிட்டு லாரியை ஸ்டார்ட் செய்தான்.